சாலை வழியே வரும் கலைமகள்

நவராத்திரி தொடங்குவதற்கு முந்தைய மாலைப் பொழுது. திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் அன்று வியாபாரத்தின் வேகம் சற்றே தணிந்திருக்கும். மிளகும் ஏலமும் மஞ்சளும் மணக்கும் அந்த நெடிய தெருவின் இருமருங்கிலும் கடைவாசல்களில் குத்துவிளக்குகள் சுடர்விடும். பழம், பூ, நிறைநாழி நெல் ஆகியவற்றோடு மக்கள் பக்தியுடன் காத்து நிற்பார்கள். கரமனை ஆற்றைக் கடந்து, கிள்ளிப்பாலம் வழியாக அன்னை சரஸ்வதி எழுந்தருளி வருகிறாள்.

அவள் பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கட்டில் வீற்றிருப்பவள். கவிச்சக்கரவர்த்தி கம்பர் வழிபட்ட திருவுருவம் அது என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. ஆண்டுதோறும் நவராத்திரிக்காக அவள் மூன்று நாள் பயணமாகத் திருவனந்தபுரம் வருகிறாள். வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன் வருகிறார்கள். குமாரசுவாமி சாலையை அடுத்த ஆரியசாலைக் கோயிலிலும், முன்னுதித்த நங்கை செந்திட்டைக் கோயிலிலும் தங்குகின்றனர். சரஸ்வதி தேவி மட்டும் கோட்டைக்குள் பத்மதீர்த்தக் குளத்துக்கு அருகிலுள்ள நவராத்திரி மண்டபத்தில் எழுந்தருளுகிறாள். அடுத்த ஒன்பது மாலைகளும் அவள் திருமுன் சங்கீதமே பூஜையாக நிகழும்.

கலைமகள் சங்கீத மண்டபத்தை அடைவதற்கு ஏன் கடைத்தெரு வழியாக வர வேண்டும்? பழைய காலத்து நெடுவழி அதுவே என்பது எளிய விடை. ஆயினும் அந்த வருகையில் ஆன்மிக சாதகனுக்கு ஒரு பாடமும் உண்டு. அவளை வரவேற்க விளக்கேற்றும் வணிகர் அனைவரும் சங்கீதம் பயின்றவர்கள் அல்லர். அவர்கள் கணக்கும் தராசும் அறிந்தவர்கள். எனினும் அன்னை அவர்களது வாசலையும் கடந்தே மண்டபத்துக்குச் செல்கிறாள். கலை, கற்றவரிடம் சென்று சேர்வதற்கு முன், எல்லோருக்கும் தரிசனம் தந்துவிடுகிறது.

'சாலை' என்ற சொல்லே நம் சிந்தனைக்கு உரியது. அது வழியைக் குறிக்கும். கல்வி கற்பிக்கும் இடத்தையும் குறிக்கும். அறச்சாலை, பாடசாலை என்கிறோம். சோழர் கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச்சாலை, இக்கடைத்தெருவை அடுத்த வலியசாலைப் பகுதியே என்று கருதும் அறிஞர்கள் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் இங்கே வணிகத்தை வளர்த்தார். தமிழகத்திலிருந்து வந்த வணிகக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கே வாழ்கின்றன. வழி, கல்வி, வாணிகம் ஆகிய மூன்றும் கலந்த இந்த இடத்தில் நின்று, சங்கீத அன்பு என்பதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

மூட்டையும் வாசனையும்

சாலையில் அடுத்தடுத்துப் பழகும் இரு நண்பர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் மலைச்சரக்கு வணிகர். அவருடைய பாட்டனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'அண்ணாச்சி'. மற்றவர் வலியசாலை அக்ரஹாரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். மாலைதோறும் ஆசிரியர் அண்ணாச்சியின் கடைப்படியில் வந்து அமர்வார். இருவரும் சங்கீதம் பேசுவார்கள்.

அண்ணாச்சிக்குத் தியாகராஜ சுவாமிகள் என்றால் உயிர். ஆசிரியருக்கோ முத்துசுவாமி தீட்சிதரே எல்லாம். தொடக்கத்தில் இருவரும் தத்தமக்குப் பிடித்ததைச் சொல்லி மகிழ்ந்தார்கள். நாளடைவில் தம் மகானின் பெருமையைச் சொல்வதற்கு, மற்றவர் போற்றும் மகானிடம் குறை காண்பது தேவையாயிற்று. "உருக்கம் இல்லாத வித்வத்தால் என்ன பயன்?" என்றார் ஒருவர். "கட்டுக்கோப்பு அறியாதவர்களுக்கு உருக்கம் ஒன்றே தெரியும்" என்றார் மற்றவர். ஒருநாள் வார்த்தை தடித்தது. ஆசிரியர் எழுந்து போனார். பல நாள் அந்தக் கடைப்படி வெறுமையாகக் கிடந்தது.

அண்ணாச்சியின் கடையில் மூட்டை சுமக்கும் முதியவர் ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலில் ஒலிக்கும் நாதஸ்வரத்தைக் கேட்டதன்றி அவர் சங்கீதம் கற்றதில்லை. ஒருநாள் ஆசிரியர் அந்த வழியே தலைகுனிந்து செல்வதைக் கண்டு, அவரையும் கைகூப்பி அழைத்து நிறுத்திச் சொன்னார்:

"அண்ணாச்சி, நாற்பது வருஷமாய் இந்தத் தலையில் மிளகு மூட்டையும் சுமந்தேன், ஏலக்காய் மூட்டையும் சுமந்தேன். சுமக்கும்போது எனக்கு எந்த வாசனையும் தெரிந்ததில்லை. பாரம் மட்டும்தான் தெரியும். மூட்டையை இறக்கி வைத்து, வியர்வையைத் துடைத்து, மூச்சு வாங்கும்போதுதான் வாசனை வரும். ஸாரும் நீங்களும் இப்போது மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். இறக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள்."

நண்பர்கள் இருவரும் தலைகுனிந்தனர். அன்று மாலை மீண்டும் கடைப்படியில் அமர்ந்தனர். ஆனால் பேச்சு வேறாக இருந்தது. ஆசிரியர் தமக்குப் பிடித்த கீர்த்தனையைப் பற்றிக் கூறவில்லை. "உங்கள் சுவாமிகளின் கிருதி ஒன்றைச் சொல்லுங்கள் அண்ணாச்சி, அதில் உங்கள் மனம் எங்கே உருகுகிறது என்று எனக்குக் காட்டுங்கள்" என்று கேட்டார்.

இது ஒரு கற்பனைக் கதைதான். ஆயினும் இத்தகைய பிணக்கை நாம் சபாக்களின் வாசலிலும், உறவினர் கூடும் இல்லங்களிலும், ஏன், பஜனை மண்டபங்களிலும்கூடக் காண்கிறோம்.

இரு பொருள் தரும் ஒரு சொல்

'ராகம்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உள்ளன. சங்கீத சாஸ்திரத்தில் அது மனத்தைத் தன் நிறத்தில் தோய்க்கும் ஸ்வரக் கோவை. வேதாந்த சாஸ்திரத்தில் அதுவே பற்று. பற்று இருக்கும் இடத்தில் அதன் நிழலாக வெறுப்பும் இருக்கும். ஆகவேதான் சாஸ்திரங்கள் ராகத்தையும் துவேஷத்தையும் இணைத்தே பேசுகின்றன. பகவத் கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் பகவான், ஒவ்வொரு புலனுக்கும் உரிய பொருளில் இவ்விரண்டும் குடியிருப்பதைச் சுட்டிக்காட்டி, இவற்றின் வசப்படலாகாது என்று எச்சரிக்கிறார். ஆதிசங்கரர் தம் பாஷ்யத்தில் இவற்றை வழியில் காத்திருக்கும் கள்வர்களுக்கு ஒப்பிடுகிறார்.

கள்வன் வெறுங்கையோடு செல்பவனை மறிப்பதில்லை. செல்வத்தோடு செல்பவனையே மறிக்கிறான். ஆகவே சங்கீத ரசனை என்னும் அரிய செல்வத்தைப் பெற்றவர்கள் கூடுதல் விழிப்புடன் இருத்தல் வேண்டும். 'எனக்கு இந்த மகானின் கீர்த்தனை பிடிக்கும்' என்பதில் குற்றம் ஏதுமில்லை. இஷ்ட தெய்வம் என்ற ஒன்றை நம் முன்னோர் ஏற்றதும் இதனால்தான். மனம் ஒன்றில் ஆழ ஊன்றினாலன்றி பக்தி முதிராது. ஆனால் 'எனக்குப் பிடித்தது' என்ற தொடரில், 'பிடித்தது' தேய்ந்து 'எனக்கு' என்பது வளரும்போது கள்வன் வந்துவிட்டான் என்று அறிய வேண்டும். அப்போது நாம் மகானைப் போற்றவில்லை. நம் தேர்வைப் போற்றிக்கொள்கிறோம்.

இதைச் சோதித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. மற்றவர் தமக்குப் பிடித்த வாக்கேயக்காரரைப் புகழும்போது நம் மனம் மலர்கிறதா, சுருங்குகிறதா? மலர்ந்தால் நம் ராகம் பக்தியாகியிருக்கிறது. சுருங்கினால் அது இன்னும் பற்றாகவே நிற்கிறது.

அனைவரையும் அழைத்த அரசவை

நவராத்திரி மண்டபத்தோடு பிரிக்க முடியாதவாறு இணைந்த பெயர் மகாராஜா ஸ்வாதித் திருநாள். 1813-ஆம் ஆண்டு பிறந்த அவர், 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்டார். கருவிலேயே அரசுரிமை பெற்றதால் அவரைக் 'கர்ப்ப ஸ்ரீமான்' என்பர். அவர் குழந்தையாக இருந்தபோது இரயிம்மன் தம்பி பாடிய மலையாளத் தாலாட்டு இன்றும் கேரளத்து இல்லங்களில் ஒலிக்கிறது. தாலாட்டில் தொடங்கிய அந்த வாழ்வு, 33 வயதே நீடித்தது. அதற்குள் சமஸ்கிருதம், மலையாளம், தெலுங்கு, கன்னடம், ஹிந்துஸ்தானி ஆகிய மொழிகளில் நானூறு அளவிலான உருப்படிகளை அவர் இயற்றினார்.

அவரே மகாகவி. அவரே வாக்கேயக்காரர். நாட்டின் தலைவரும் அவரே. தம் பாடல்கள் மட்டுமே தம் அவையில் ஒலிக்க வேண்டும் என்று அவர் நினைத்திருந்தால் தடுப்பார் எவருமில்லை. அவரோ வேறு வழியில் சென்றார். தஞ்சை நால்வருள் ஒருவரும், முத்துசுவாமி தீட்சிதரின் சீடருமான வடிவேலுவை அழைத்து ஆதரித்தார். 1834-இல் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். தியாகராஜ சுவாமிகளின் சீடரான கன்னையா பாகவதர் வழியாகச் சுவாமிகளின் கீர்த்தனைகளைச் செவிமடுத்தார். மேருசுவாமி என்னும் மராத்தியப் பெரியாரின் ஹரிகதையில் தோய்ந்து, அக்கலைக்கெனவே குசேலோபாக்கியானமும் அஜாமிளோபாக்கியானமும் இயற்றினார். வடநாட்டுப் பாடகர்களையும் வரவேற்று, துருபதும் கயாலும் தாமும் இயற்றினார்.

தியாகராஜ சுவாமிகளை ஸ்வாதித் திருநாள் நேரில் கண்டதில்லை. ஒருவர் அரியணையில் இருந்தார். மற்றவர் திருவையாற்றில் உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தார். 1846 டிசம்பர் இறுதியில் மன்னரும், 1847 ஜனவரி 6-ஆம் நாள் சுவாமிகளும், இரு வார இடைவெளிக்குள் இவ்வுலகை நீத்தனர். சந்திக்காத அவ்விருவரையும் இணைத்தவர்கள் சீடர்களும் பாடகர்களுமே. ஒருவர் கேட்டதை மற்றவரிடம் எடுத்துச் சொன்ன அந்த அடியார்கள் இல்லையேல், காவிரிக் கரையும் கரமனைக் கரையும் ஒன்றையொன்று அறிந்திருக்க மாட்டா.

அத்தகையோருள் ஒருவர் ஷட்கால கோவிந்த மாரார். ஆறு காலங்களில் பாடவல்ல அப்பெரியார், கேரளத்து ராமமங்கலத்திலிருந்து திருவையாறு சென்று தியாகராஜ சுவாமிகளைத் தரிசித்துப் பாடினார் என்பது மரபுவழிச் செய்தி. அவரது பாடலைக் கேட்டு நெகிழ்ந்த சுவாமிகள், மகான்கள் எத்தனையோ பேர் என்று வியந்து அனைவரையும் வணங்கும் ஸ்ரீராகப் பஞ்சரத்னத்தைச் சீடர்களைக் கொண்டு பாடச் செய்தார் என்பர். அந்தக் கீர்த்தனை அச்சமயத்திலேயே பிறந்தது என்று கூறுவோரும் உண்டு. அதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. சாதகனுக்கு அந்த விவாதம் முக்கியமன்று. தம் இல்லம் தேடி வந்த, வேறு மொழியும் வேறு பாணியும் உடைய ஒரு பாடகரைக் கண்டதும், 'இவரினும் நான் எவ்வளவு மேல்' என்று அளக்காமல், 'எத்தனை பெரியோர்கள் இவ்வுலகில்!' என்று கைகூப்பும் உள்ளம் எத்தகையது! தியாகராஜரைத் தலைசிறந்தவர் என்று கொண்டாடுவோர், அவர் பிறரைக் கொண்டாடிய அப்பண்பையும் அவரிடமிருந்து கற்க வேண்டாமா?

கைதட்டல் இல்லாத சபை

நவராத்திரி மண்டபத்தில் கச்சேரிக்குக் கைதட்டும் வழக்கம் இல்லை. எண்ணெய் விளக்குகளின் ஒளியில், அன்னையின் திருமுன் வித்வான் அமர்ந்து பாடுகிறார். முல்லமூடு பாகவதர்கள் முதலில் தோடய மங்களம் பாடுகின்றனர். பின்பு அன்றைக்கென ஸ்வாதித் திருநாள் வகுத்த கிருதி விரிவாகப் பாடப்படுகிறது. முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, அடுத்து சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டைக்குறிஞ்சி, நிறைவு நாளில் ஆரபி என ஒன்பது நாட்களுக்கும் ராகங்கள் வரையறுக்கப்பட்டுள்ளன.

இந்த ஒழுங்கில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. முதலாவது, பாடுபவர் தம் விருப்பத்தை ஒதுக்கி வைக்கிறார். தோடியில் வல்லவராயினும், அவருக்கு அமைந்த நாள் சுத்த சாவேரிக்கு உரியதாயின் சுத்த சாவேரியையே அன்னைக்குச் சமர்ப்பிக்க வேண்டும். விருப்பு வெறுப்பைக் கடந்து கடமையை வழிபாடாகச் செய்வதைக் கர்மயோகம் என்கிறோம். சங்கீதத்தில் அதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு காண்பது அரிது.

இரண்டாவது, கைதட்டல் இன்மை. புகழ்ச்சியை எதிர்பார்த்துப் பாடுபவரின் செவி, கேட்போரின் ஆரவாரத்தை நோக்கியே இருக்கும். இங்கோ பாடல் முடிந்ததும் மௌனம். அந்த மௌனத்தில் பாடியவருக்கும் கேட்டவருக்கும் இடையே உள்ள வேறுபாடு மெல்லக் கரைகிறது. இருவரும் அன்னையின் முன் அமர்ந்திருக்கும் குழந்தைகளே.

பிரஹ்லாதன் கூறிய ஒன்பது வகை பக்தியில் முதலாவது சிரவணம், அதாவது கேட்டல். இரண்டாவதே கீர்த்தனம். ஸ்வாதித் திருநாள் இந்த ஒன்பது வகை பக்திக்கும் ஒவ்வொரு கிருதியாக 'நவரத்ன மாலிகை' என்னும் தொகுப்பை இயற்றியிருக்கிறார். பாடத் தெரியாதவர்கள் தம்மைக் குறைந்தவராக எண்ண வேண்டியதில்லை. பக்தியின் வாசல் செவியில்தான் திறக்கிறது. பரீட்சித்து மன்னன் கேட்டே கடைத்தேறினான்.

அதே போல, பாடத் தெரிந்தவர்களும் கேட்கப் பழக வேண்டும். தமக்குப் பிடித்ததைச் சொல்ல எல்லோரும் முன்வருகிறோம். பிறருக்குப் பிடித்ததைக் கேட்க எத்தனை பேர் அமர்கிறோம்?

கரமனையிலிருந்து மயிலாப்பூருக்கு

சாலையிலிருந்து சிறிது தூரத்தில் உள்ளது கரமனை. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்து தமிழ்க் கீர்த்தனைகளால் சிவபெருமானைப் பாடிய பெரியார் நீலகண்ட சிவன் (1839–1900). அவர் அரசவைப் புலவர் அல்லர். வீடுகளிலும் கோயில்களிலும் கூடிய பஜனைக் கோஷ்டிகளே அவருடைய சபை. ஒன்பது சித்திகள் கைவந்தாலும் சிவபக்தி இல்லையேல் அவற்றால் பயனில்லை என்று கரஹரப்ரியாவில் அவர் பாடிய கீர்த்தனை, பின்னாளில் பெரும் மேடைகளிலும் ஒலித்தது. அதைப் பாடிய வித்வான்களின் திறமைக்கும் அக்கீர்த்தனையே ஓர் அறிவுரையாக அமைந்தது என்றால் மிகையாகாது.

1899-ஆம் ஆண்டளவில், தந்தையை இழந்த ஒரு சிறுவன் தஞ்சை மாவட்டத்துப் போலகத்திலிருந்து தாயோடும் தமையனோடும் திருவனந்தபுரத்துக்கு வந்து சேர்ந்தான். ராமையா என்பது அவன் பெயர். மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியில் வியாகரணம் பயின்றான். நகரின் பஜனைகள் அவனை ஈர்த்தன. நீலகண்ட சிவனின் கீர்த்தனைகள் அவன் உள்ளத்தில் விதையாக விழுந்தன. தாயையும் இழந்த பின் ஊர் ஊராகத் திருத்தலங்கள் சென்று பாடித் திரிந்த அந்த இளைஞரையே பின்பு உலகம் பாபநாசம் சிவன் (1890–1973) என்று போற்றியது. 'தமிழ்த் தியாகையர்' என்னும் பெயரும் அவருக்கு வாய்த்தது.

மயிலாப்பூரில் குடியேறிய அவர், மார்கழி விடியற்காலைகளில் கபாலீச்வரர் கோயிலின் மாட வீதிகளில் பல்லாண்டுகள் பஜனை பாடி வலம் வந்தார். மேடையில் பாடினால் பணமும் புகழும் கிட்டும். குளிரில் வீதியில் பாடினால் என்ன கிட்டும்? உறக்கம் கலைந்து ஒரு குழந்தை வாசலுக்கு வந்து கேட்கும். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது. ஏனெனில் தாமும் சிறு வயதில் அவ்வாறு கேட்டே இந்தச் செல்வத்தைப் பெற்றவர் அவர்.

கீதையின் பத்தாம் அத்தியாயம், ஒன்பதாம் சுலோகத்தில் பகவான் தம் அடியார்களின் இலக்கணத்தைக் கூறுகிறார். மனத்தையும் உயிரையும் பகவானிடம் வைத்தவர்கள், ஒருவருக்கொருவர் அவரைப் பற்றி எடுத்துரைத்து, அதிலேயே நிறைவும் இன்பமும் காண்கின்றனர் என்பது அதன் கருத்து. இங்கே 'ஒருவருக்கொருவர்' என்பது கவனிக்கத்தக்கது. ஒருவர் எப்போதும் கொடுப்பவர், மற்றவர் எப்போதும் பெறுபவர் என்ற நிலை அடியார் கூட்டத்தில் இல்லை.

சுவாமி விவேகானந்தரின் வாழ்விலும் இதைக் காண்கிறோம். நரேந்திரனாக இருந்த நாட்களில் அவருடைய பாடலைக் கேட்டு ஸ்ரீராமகிருஷ்ணர் பரவசத்தில் ஆழ்வதுண்டு. துறவு பூண்ட பின்னரும், 1887-இல் 'சங்கீத கல்பதரு' என்னும் பாடல் தொகுப்பு வெளிவருவதில் அவர் பங்கு பெற்றிருந்தார். அதில் பல மரபுகளைச் சேர்ந்த பாடலாசிரியர்களின் பாடல்கள், அந்நாளில் இளைஞராயிருந்த ரவீந்திரநாத் தாகூரின் பாடல்கள் உட்பட, இடம்பெற்றன. உலகைத் துறந்தவரும் தமக்குப் பிடித்த பாடல்களைப் பிறரோடு பகிர்வதைத் துறக்கவில்லை. 1892 டிசம்பரில் கன்னியாகுமரிக்குச் செல்லும் வழியில் அவர் இதே திருவனந்தபுரத்தில் ஒன்பது நாட்கள் தங்கியிருந்தார்.

மூடிய கதவும் திறந்த கதவும்

பகிரப்படாத செல்வம் என்னவாகும்? அதற்கும் இவ்வூரிலேயே விடை உண்டு. ஸ்வாதித் திருநாளின் மறைவுக்குப் பின் அவருடைய கிருதிகளில் பல, கோயில்களோடும் சில குடும்பங்களோடும் ஒடுங்கின. பலவற்றின் சாகித்யம் ஏட்டில் இருந்தும், பாடும் முறை மங்கிப்போயிற்று. 20-ஆம் நூற்றாண்டில் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும், அவருக்குப் பின் செம்மங்குடி ஸ்ரீநிவாஸ ஐயரும் அரிதின் முயன்று அவற்றைத் தேடித் தொகுத்துச் செப்பம் செய்தனர். 1939-இல் தொடங்கிய ஸ்வாதித் திருநாள் சங்கீத அகாதெமியின் வழியாக அவை மாணவர்களைச் சென்றடைந்தன. அவ்விருவரும் தம் விருப்பத்துக்குரிய பாடல்களோடு நின்றிருக்கலாம். மறந்துபோன ஒருவரின் பாடல்களுக்காகத் தம் ஆண்டுகளைச் செலவிட்டது அவர்களுடைய பெருமை.

அந்தச் சங்கீதக் கல்லூரியில் பயின்ற முதல் மாணவி பாறசாலை பி. பொன்னம்மாள். 1924-இல் பிறந்த அவர், பின்பு அக்கல்லூரியிலேயே ஆசிரியையாகவும், திருப்பூணித்துறை இசைக் கல்லூரியின் முதல்வராகவும் பணியாற்றினார். ஸ்வாதித் திருநாளின் கிருதிகளில் அவருக்கிருந்த புலமையை எல்லோரும் மதித்தனர். ஆயினும் நவராத்திரி மண்டபத்தில் அவர் பாடியதில்லை. பெண்கள் அங்கே பாடும் வழக்கம் இல்லை. வீற்றிருப்பவள் வீணை ஏந்திய கலைமகள். பாடப்படுவதோ அவளது புகழ். ஆனால் அவளுடைய மகளிருக்கு அங்கே பாட இடமில்லை.

2006-ஆம் ஆண்டு அந்தக் கதவு திறந்தது. எண்பது வயதைக் கடந்த பொன்னம்மாள் நவராத்திரி மண்டபத்தில் அமர்ந்து பாடினார். நெடுங்கால வழக்கம் ஒன்று அன்று மாறியது. அவருக்குப் பின் மற்றப் பெண் கலைஞர்களும் அங்கே பாடினர். 2017-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2021-இல் இறைவனடி சேர்ந்தார்.

அவரது வாழ்வில் நாம் வணங்க வேண்டிய ஒன்று உண்டு. மண்டபம் திறக்கும்வரை அவர் பாடாமல் இருக்கவில்லை. அன்றாடம் பாடினார், கற்பித்தார், மாணவர்களை உருவாக்கினார். கிட்டாத மேடையை எண்ணிக் கிட்டிய கடமையை அவர் குறைத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் கதவு திறந்தபோது குரலும் ஆயத்தமாக இருந்தது.

நமக்கும் இதில் ஒரு சுயசோதனை உண்டு. சங்கீதத்தையும் சாஸ்திரத்தையும் நேசிப்பதாகச் சொல்லும் நாம், எவருக்கேனும் கதவை மூடி வைத்திருக்கிறோமா? 'அவருக்கு என்ன தெரியும்', 'இவருக்கு இதெல்லாம் புரியாது' என்று வீட்டில் பணிபுரிபவரை, அயலாரை, நம் இல்லத்துக் குழந்தையையே ஒதுக்குகிறோமா? சாலையில் விளக்கேற்றி நிற்கும் எளிய மனிதர் வாசலையும் அன்னை கடந்து வருகிறாள் என்பதை நாம் மறக்கலாகாது.

சாதகர் செய்யத்தக்கவை

நவராத்திரியை முன்னிட்டுச் சில எளிய பயிற்சிகளை நாம் மேற்கொள்ளலாம்.

முதலாவதாக, ஒன்பது நாட்களில் ஒரு நாளாவது, நமக்குப் பழக்கமில்லாத ஒரு வாக்கேயக்காரரின் பாடலை, அதை நேசிக்கும் ஒருவரின் அருகில் அமர்ந்து கேட்போம். ஒப்பிடாமல், இடைமறிக்காமல் கேட்போம். அவருடைய மனம் உருகும் இடத்தில் நம் மனமும் சிறிது நிற்கட்டும்.

இரண்டாவதாக, நமக்கு மிகவும் பிடித்த ஒரு கீர்த்தனையின் பொருளை முழுமையாக அறிந்துகொள்வோம். பல ஆண்டுகள் கேட்டும் பொருளறியாத பாடல் எத்தனை! பொருளறிந்த அன்றே அந்த மகான் நம்மோடு பேசத் தொடங்குகிறார்.

மூன்றாவதாக, ஒரு குழந்தைக்கு ஒரு பாடலைக் கற்றுக் கொடுப்போம். பாடத் தெரியாதவர்கள் அப்பாடலை இயற்றிய மகானின் கதையைச் சொல்லலாம். போலகத்துச் சிறுவனின் உள்ளத்தில் விதை விழுந்ததைப் போல எங்கே எது முளைக்கும் என்பதை நாம் அறியோம்.

நான்காவதாக, ஒவ்வொரு பாடலும் முடிந்தபின் சில கணங்கள் மௌனமாக இருப்போம். பாராட்டும் விமரிசனமும் அதன் பின் வரட்டும். நாதம் எங்கிருந்து எழுந்து எங்கே ஒடுங்கியதோ, அங்கே மனமும் சற்று ஒடுங்கினால், கேட்டது தியானமாகும்.

திரும்பிச் செல்லும் அன்னை

விஜயதசமி முடிந்து, ஒருநாள் நல்லிருப்புக் கண்டபின், அன்னை மீண்டும் பத்மநாபபுரத்துக்குப் புறப்படுகிறாள். ஒன்பது மாலைகளில் ஒன்பது ராகங்களைச் செவியேற்ற கலைமகள், தன் ஊருக்கு நடைப்பயணமாகத் திரும்புகிறாள். கடைகளில் மீண்டும் தராசுகள் அசையத் தொடங்குகின்றன. மூட்டைகள் ஏறி இறங்குகின்றன.

அவளை வழியனுப்பும் நேரத்தில், அந்தக் கதையில் வந்த முதியவரின் சொல்லை நினைவில் கொள்வோம். தியாகராஜரும் தீட்சிதரும் சியாமா சாஸ்திரிகளும் ஸ்வாதித் திருநாளும் நீலகண்ட சிவனும் பாபநாசம் சிவனும் நம் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டிய பாரங்கள் அல்லர். அவர்கள் அனைவரும் ஒரே திருவடியை நோக்கிப் பாடியவர்கள். 'என் மகான், உன் மகான்' என்னும் மூட்டையை அன்னையின் திருமுன் இறக்கி வைப்போம். அப்போது, இத்தனை நாள் நாம் சுமந்துகொண்டிருந்ததன் நறுமணம் நமக்கும் தெரியும். நம் அருகில் நிற்பவருக்கும் தெரியும்.

நம் செவியில் கனிவும், நாவில் இனிமையும், பிறர் மகிழ்ச்சியில் மகிழும் நெஞ்சமும் அருளுமாறு அன்னை கலைவாணியைப் பணிவோம். அவளது திருவருள் அனைவருக்கும் கிட்டுவதாக!